பெரட்டு மணி போன இடம்

ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடுவதற்காக, பெக்கோக்கில் எங்கள் தோட்டத்து மண்ணை எந்திரம் புரட்டியபோது ஒரு வெண்கல மணி வெளியே வந்தது. தட்டினேன். என் கை தானாகப் போர்வையைத் தேடியது.

விடியுமுன் எல்லாரையும் வேலைக்கு எழுப்பிய பெரட்டு மணி அது. ஜப்பான்காரன் வருவதற்கு முன், என் ஏழு வயதில் காணாமல் போனது. மறுநாளே கங்காணி தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார். அது மணியைவிடக் கொடுமை.

அந்த மாதம்தான் அப்பாவும் பக்கத்து வீட்டு முனியன் மாமாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஏன் என்று அம்மாவுக்கே தெரியாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமினால், இந்தப் பக்கம் அப்பா அதைவிட உரக்க இருமுவார். இன்றைக்கும் அப்படித்தான்.

மணியை அப்பாவின் மடியில் வைத்தேன். வெகுநேரம் தடவினார்.

"தூக்கம் கெடுதுன்னு நானும் அவனும்தான் திருடிப் புதைச்சோம். அடையாளத்துக்கு மரத்துல கத்தியால ஒரு கீறல் போட்டோம். அப்புறம் பயந்துபோய்த் திருப்பி வைக்கலாம்னு தோண்டினா, காணோம். அவன் எடுத்துட்டான்னு நான் நெனைச்சேன். நான் எடுத்துட்டேன்னு அவன்."

"பால்மரத்துலயா கீறல் போட்டீங்க? எல்லா மரத்துலயும்தானப்பா கீறல் இருக்கும்?"

அப்பா முதல்முறையாக அதை யோசித்தார்.

"போய் முனியனைக் கூட்டிட்டு வா," என்றார். "வரும்போது மண்வெட்டியும் எடுத்துட்டு வா. தொரைக்குத் தெரிஞ்சா வம்பு."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறி இருபது வருஷமாகிறது.