கதவு வரை போனவர்

முழங்கால் வலிக்கு ஊசி போட, திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தம் மகளின் சின்னச் செருப்பை முண்டு நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தூசி போன பிறகும் விடவில்லை. மகளை உள்ளே கூட்டிப் போகுமுன் அவர் மனைவி என் காதில் சொன்னாள், பெண்குழந்தைக்குப் பிறப்புறுப்பில் அறுக்கிற சடங்காம்.

அவரிடம் கேட்கவே எனக்குக் கூச்சம்; ஆனாலும் கேட்டேன். "எதுக்கு தம்பி அது?"

"பொம்பளைங்க காரியம். எனக்கு அறிஞ்சூடா அம்மா, ஒண்ணும் தெரியாது."

"மகன் இருக்கானா?"

"உண்டு. அவனுக்குச் சுன்னத்து செஞ்சப்ப என் மடியிலதான் வச்சிருந்தேன்."

உள்ளே குழந்தை கத்தியது, "வாப்பா!" என்று. அவர் கதவு வரை போனார். தட்டவில்லை.

வெளியே வந்தவளுக்குக் குனிந்து செருப்பு மாட்டப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவர் தலை நிமிரவே இல்லை.

ஒன்றும் அறியாதவர் அப்படிக் குனிந்தே இருப்பாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.