யும்னா டவுன்

கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. காதை ஒட்டி வைத்து ஒரு கணம் கேட்பது. பிறகு இன்னொரு தட்டு. உள்ளே காற்றாடி கரகரவென்று சுற்றத் தொடங்கிய பிறகுதான் சாகுல் ஹமீது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். காலை டூட்டி முடித்து வந்த சீருடை இன்னும் உடம்பில் இருக்கும். "இன்ஜின் சூடாகணும் லா, கொஞ்சம் பொறுங்க" என்பார், யாரும் அவசரப்படுத்தாதபோதே.

பாசிர் ரிஸ்ஸில் எனக்கு நேர் மேல்மாடி வீடு அவருடையது. தலை நரைக்கும் முன்பே பேருந்து ஓட்ட வந்தவர், இன்னும் ஓட்டுகிறார். யார் வீட்டுக்காவது வழி கேட்டால் தெருப் பெயர் சொல்லமாட்டார், பேருந்து எண்ணும் நிறுத்தமும்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு ஆட்டிறைச்சி வாங்க அவருடன் போயிருக்கிறேன். சிராங்கூன் சாலையில் எந்தெந்த இடத்தில் மனிதர்கள் விளக்கைப் பார்க்காமல் சாலையில் இறங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பார். டாக்சியில் ஏறினால் ஓட்டுநரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பாதி டாக்சிக்காரர்கள் அவரோடு பேசுவதில்லை.

அந்தப் பழைய கணினியில் அவர் பார்ப்பது ஒரு நகரத்தை. ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றில், ஒரே மகள் யும்னா தொடக்கப்பள்ளியில் படித்த நாளில் கட்டியது. ஆறு, அதன் கரையில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, வரிசை வரிசையாக வீடுகள். பெயர் யும்னா டவுன். தன் ஓய்வு நாள்களில் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவர் சாகுல் பாய்தான். அவருடைய யோசனைகள் எல்லாம் பேருந்து பற்றியவை.

"இந்த முனையில டபுள் டெக்கர் திரும்பாதுன்னு அப்பவே சொன்னேன், கேக்கல" என்று என்னிடம் திரையைக் காட்டிக் குறைப்பட்டுக்கொள்வார். "இங்க பாருங்க தம்பி, ஜூவுக்கு ரோடே போடல. ஆளு எப்படிப் போவான்னு கேட்டா, மிருகங்களுக்குச் சத்தம் பிடிக்காது அத்தாங்கறா."

யும்னா இப்போது மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள். அங்கே போய் வெகுகாலமாகிவிட்டது. வாரம் ஒருமுறை பேசுவாள். "சாப்டியா, குளிருதா, லீவு கெடைக்குமா. இந்த மூணுக்கு மேல என்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியல தம்பி. அவளுக்கும் தெரியல" என்று ஒருமுறை மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் சொன்னார். மின்தூக்கி வந்தது. அதற்குப் பிறகு அன்றைய வெயிலைப் பற்றிப் பேசினார்.

போன மாதம் எத்தனை தட்டியும் காற்றாடி சுற்றவில்லை. மனைவி கதீஜா எப்போதோ வாங்கி, பூத்தையல் துணி போர்த்தி வைத்திருந்த புதுக் கணினி அப்போதுதான் வெளியே வந்தது. பழையதைப் போர்வையில் சுற்றி, புதியதோடு ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் படங்களை எல்லாம் புதியதில் ஏற்றிக் கொடுத்தார். யும்னாவின் நிக்காஹ், பெருநாள் படங்கள், கதீஜாவின் ஹஜ் பயணம், ஒன்றும் விடுபடவில்லை.

மறுநாள் மத்தியானம் என் வீட்டு மணி அடித்தது. பழைய பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"எல்லாம் வந்துருச்சு தம்பி. ஊரக் காணோம்."

அலுவலகத்தில் கணினிகளோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. அவரோடு மேலே போய்ப் பெட்டியைத் திறந்தேன். திட்டுத் திட்டாகத் தூசி. கோப்புகள் இருக்கும் வன்வட்டைக் கழற்றி, ஒரு கம்பியில் இணைத்து, புதுக் கணினியில் செருகினேன். நல்லவேளை, வட்டு உயிரோடு இருந்தது. ஆனால் அதில் ஆயிரக்கணக்கில் கோப்புகள். யும்னா, டவுன், சிட்டி என்று எதைத் தேடினாலும் ஒன்றும் அகப்படவில்லை.

"கடைசியா எப்ப விளையாடினா பாய்?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ஆறாம் வகுப்பு முடிஞ்சு டிசம்பர் லீவு. நானும் லீவு போட்டிருந்தேன்."

அந்த டிசம்பரில் சேமித்தவை மூன்று இருந்தன. ஃபைனல். ஃபைனல் டூ. ரியலி ஃபைனல். வாசித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அதான், அதான். அவ பேசற மாதிரியே இருக்கு."

பழைய விளையாட்டு புதுக் கணினியில் ஓடாது என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அதையே புதுப்பித்து இணையத்தில் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து இறக்கினேன். கோப்பைக் கொடுத்துத் திறந்தேன். திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. கதீஜாக்கா அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

முதலில் ஆறு வந்தது. பிறகு கரை, பள்ளிக்கூடம், கூரைகள்.

"ஜூ இருக்கு" என்றார் சாகுல் பாய், மெதுவாக.

உடனே ஃபோனை எடுத்தார். "அவ வேலைக்குக் கெளம்பற நேரங்க" என்று கதீஜாக்கா தடுத்தார். அதற்குள் அங்கே மணி அடித்துவிட்டது.

"என்ன அத்தா, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" யும்னா குடை பிடித்தபடி தெருவில் நின்றிருந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இதப் பாரு." ஃபோனைத் திரைப் பக்கம் திருப்பினார்.

குடையில் மழை விழும் சத்தத்தோடு அவள் குரல் வந்தது.

"அத்தா... இது என் டவுனா?"

"பின்ன யாருது?"

"ஓ மை காட். இருங்க, இருங்க. கொஞ்சம் லெஃப்ட்ல போங்க. ஆத்தத் தாண்டாதீங்க. ஸ்கூல் தெரியுதா? அதுக்குப் பின்னால. ஸ்லோ அத்தா, ஸ்லோ. ஸ்டாப்!"

ஒரு கையில் ஃபோனும் மறு கையில் மவுஸுமாக அவர் நிறுத்தினார்.

"அங்கதான் நம்ம வீடு."

"என்னா வீடு?"

"நாம மூணு பேரும் குடியிருக்கற வீடு. நான் உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"இல்லையேம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "எதும்மா? எது?"

"அந்த... ஐயோ, பஸ் வந்துருச்சு அத்தா! ஏறிட்டு அப்புறம் கூப்பிடறேன்."

"ஏறு, ஏறு. பாத்து ஏறு" என்றார். அழைப்பு நின்றிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிவப்புக் கூரை போட்ட வீடுகள் நெருக்கி நின்றன. எல்லாம் ஒரே அச்சு. கதீஜாக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எதுங்க நம்மளது?"

"ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கலாம் பாய். பேர் ஏதாவது வச்சிருப்பா" என்று நான் கையை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. அவளே சொல்லட்டும்."

படம் அசையாமல் மவுஸிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கணினியின் பின்பக்கம் கைவிட்டு மவுஸின் கம்பியைப் பிடுங்கினார். மவுஸைக் கம்பியோடு சுருட்டி, சீருடையின் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டார்.