காஸாவிலிருந்து வந்த நூல் விலை

“...நீ வாறதெண்டால் வா, அக்கா. அந்தச் சட்டியோடை மட்டும் உள்ளுக்கு வராதை. இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை.”

இரண்டு வருஷத்துக்கு முந்திய மாரிகாலம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். டென்மார்க்கில் இஷொய் என்ற ஊரில் ஒரு அடுக்குமாடியின் நாலாம் மாடி வாசலில், வெள்ளைச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டும் கையில் சோற்றுச் சட்டியுமாக நான் நின்றேன். கதவைத் திறந்த என் சிநேகிதி முதலில் என் முகத்தைப் பார்த்தா, பிறகு சேலையை, பிறகு சட்டியை. அதற்குப் பிறகுதான் இதைச் சொன்னா. லிஃப்ட்டுக்குத் திரும்பி ஓடினால் போதும் போல இருந்தது எனக்கு.

அவ காஸாவில் பிறந்தவ. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் பல காலமாக ஒன்றாக வேலை செய்கிறோம். கதைப்பது டெனிஷில். இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை, பிழை பிடிக்க ஆளில்லாததால் நன்றாகவே ஓடும். ‘அக்கா’ என்ற சொல்லை மட்டும் என்னிடம் எடுத்துக்கொண்டா. அவ சொன்னவற்றை இங்கே எங்கடை தமிழிலேயே எழுதுகிறேன்.

துவாய்களை மடித்தபடி அவ ஊர்க்கதை சொல்லுவா. காஸா எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டை விடச் சின்ன இடமாம். அதற்குள் இருபது லட்சத்துக்கு மேல் சனமாம், கிட்டத்தட்டப் பாதி பிள்ளைகளாம். ஒரு ஆளுக்கு உழைப்பு இருந்தால் ஒரு வளவுச் சனமே சாப்பிடுமாம். “எங்களிட்டை நிலமில்லை அக்கா, ஆக்கள்தான் எங்கடை விளைச்சல்” என்று ஒருநாள் சொன்னா. இப்படி ஆக்கள் வாயிலிருந்து விழுகிற கதைகள் எனக்குக் கற்கண்டு மாதிரி. வீட்டுக்குப் போய் என் கணவருக்குச் சொல்லாமல் விடமாட்டேன்.

அவவின் தம்பிக்கு அங்கே சின்னத் தையல் கடை. எல்லை திறந்திருந்த காலத்தில் அவன் தைத்த உடுப்பு வெளியே போகுமாம். எல்லையை மூடிய பிறகு பள்ளிக்கூடச் சீருடை தைத்தானாம். கரண்டும் நின்றபோது சைக்கிள் பெடலைப் பூட்டி மெஷினை ஓட்டினானாம். அதைக் கேட்டதும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்ட கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் சொந்தக்காரர் மாதிரித்தான்.

செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோவது என்று இன்னொரு நாள் சொன்னேன். தங்களிடமும் அதேதான் என்றா. அன்றைக்கு நான் வாசலில் நின்ற கோலம் அவவுக்கு உடனே விளங்கியதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கிழமை தம்பி இருந்த பகுதியில் குண்டு விழுந்ததை டீவியில் காட்டினார்கள். அடுத்தநாள் அவ வேலைக்கு வரவில்லை. குடும்பத்தில் ஏதோ நடந்துவிட்டதாம் என்று மட்டும் மேலாளர் சொன்னா. எனக்கு அது போதுமாயிருந்தது. ஃபோன் எடுத்து, ஆர் செத்தது என்று கேட்டுக்கொண்டு துக்கவீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லையே. விடிய எழும்பி சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். “ஒருக்கால் விசாரிச்சுப்போட்டுப் போவன். செத்தவீடெண்டால் பிரேதத்துக்கு முதல் நீ போய் நிக்கோணும்” என்று கணவர் நக்கலடித்தார். நான் காதில் வாங்கவில்லை. எங்கள் வீடு இருக்கிற ஹ்விடோவ்ரேயில் இருந்து ரயிலில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கடைசியில் நான் உள்ளே, சட்டி வெளியே. பக்கத்து வீட்டுக்காரரின் நாய் மூடியை மூசு மூசென்று மோந்துகொண்டு நகராமல் நிற்பதும் அவர் அதை இழுத்துப் போவதும் கேட்டது.

குண்டு விழுந்ததில் இருந்து தம்பியின் நம்பர் வேலை செய்யவில்லை. ஜன்னலடியில் சார்ஜில் கிடந்த ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவ பாய்ந்து எடுத்தா. எல்லாம் ஜெர்மனியிலும் சுவீடனிலும் இருக்கிற சொந்தங்கள், செய்தி ஏதும் உண்டோ என்று கேட்டு. ஏதாவது சாப்பிட்டாவா என்று நான் மெல்லக் கேட்டேன்.

“சமைச்சால் அவனை மறந்த மாதிரி இருக்கு. சமைக்காட்டில் அவன் செத்த மாதிரி இருக்கு. நான் என்னத்தைச் செய்ய, அக்கா?”

நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

பொழுதுபடுகிற நேரம், தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. எடுத்துக் காதில் வைத்தா. பிறகு அரபியில் பெரிதாகக் கத்தத் தொடங்கினா. முடிந்தது என்று நினைத்து நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவ ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

“நூல் விலை சொல்லுறான், அக்கா. உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்ல முதல் எனக்கு நூல் விலை சொல்லுறான்.”

குண்டு விழ முதலே அவன் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டானாம். ஃபோனில் சார்ஜ் இல்லை. அங்கே ஒருவர் சூரியத் தகடு வைத்து ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றுவதையே தொழிலாக நடத்துகிறாராம். அந்த வரிசையில் நின்ற யாரோ ஒருவரின் ஃபோனில்தான் இந்தக் கதை. கிழிந்த கூடாரங்களைத் தைத்துக் கொடுப்பது இப்போது அவன் வேலை, கூலி மாவு. துணி எங்கேயாவது கிடைக்கிறது, நூல்தான் இல்லையாம். முந்தி ஒரு பெட்டி நூல் வாங்கின காசுக்கு இப்போது ஒரேயொரு நூல்கட்டைதான். அந்தக் கோபத்தில்தான் தன் அக்காவுக்கு வணக்கம் சொல்லவும் மறந்துபோனான்.

ஃபோனை வைத்ததும் அவவே போய்க் கதவைத் திறந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தா. இரண்டு பேரும் நிலத்தில் இருந்து கையால் சாப்பிட்டோம். சோறு ஆறிக் குளிர்ந்துவிட்டது, அவ கவனிக்கவேயில்லை. “இறைச்சி ஒண்டும் இல்லையோ?” என்று கிளறிப் பார்த்தா. செத்தவீட்டுக்கு நாங்கள் மரக்கறிதான் சமைப்பது என்றேன். அவவுக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. எனக்கும்தான். வயிறு நோகச் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டு இருந்தவவின் கை நடுவில் நின்றது. தம்பி கடைசியாகச் சொன்ன ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இதே கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணின் தமையன், தம்பியின் தையல் கடைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தவர். அவரைக் கண்ட ஆள் இன்னும் இல்லையாம். அந்தப் பெண்ணும் ஃபோனைப் பார்த்தபடிதான் இருக்கிறா என்று சொன்னா.

“உன்ரை தம்பி கதைச்சதைச் சொல்லப்போறியோ?” என்று கேட்டேன்.

“அவள் கேட்டால் சொல்லுவன்.”

நல்ல செய்தி ஒன்று வந்தால் உடனே நாலு பேருக்கு ஃபோன் அடித்துச் சொல்லுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படிச் சொல்ல வாய் உன்னும்போது, கேட்கப்போகிறவர் என்ன பாடுபட்டுக்கொண்டு இருக்கிறாரோ என்று என்னை ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பது, அதற்குப் பிறகு அவ செய்ததுதான்: குழாயைத் திறந்து முகம் கழுவினா, கண்ணாடியைப் பார்த்தா, சிரிப்பு இன்னும் முகத்தில் நின்றதால் திரும்பவும் கழுவினா, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணோடு இருக்க இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனா.