எட்டேழு எவ்வளவு?

போன சனிக்கிழமை காலை, எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். எனக்கு அங்கே பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. ஆனாலும் போனேன்… நல்ல சேலை கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் முன்னாலேயே.

வாசலில் பெயர் எழுதிய பெண், "ஆண்ட்டி, எந்தப் பிள்ளைக்கு வந்திருக்கீங்க?" என்றாள்.

"பிள்ளை இல்ல. நான் பின்னால பிளாட்டு. நாலாவது மாடி."

அவள் பேனாவைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தாள். அவள் நிரப்பிய பாரத்தில் மாடிக்குக் கட்டம் இல்லை. என்ன நினைத்தாளோ, 'விருந்தினர்' என்று எழுதிவிட்டு, கூட்டம் முடிந்து சாப்பிட மீகூனுக்கு ஒரு சீட்டும் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். கணக்குப் பாடத்தை மாற்றப் போகிறார்களாம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இனி வாய்ப்பாட்டைக் கூட்டமாகச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டாமாம். கட்டை அடுக்கி, படம் வரைந்து, புரிந்துகொண்டு பெருக்கினால் போதுமாம். பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று தலைமையாசிரியை மேலே எழுதி அனுப்ப வேண்டும்.

இதில் நான் ஏன் மூக்கை நுழைக்கிறேன் என்கிறீர்களா?

என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருடம். அன்றிலிருந்து எனக்குச் சமையலறைச் சன்னல்தான் துணை. தினமும் காலையில் மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு அது வழியாக மேலே ஏறி வரும். இரண்டாம் வாய்ப்பாட்டில் கோப்பி கலக்குவேன். ஐந்தாம் வாய்ப்பாட்டில் துணி காயப்போடுவேன். ஏழு வரும்போது நானும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது – நான் போனில் பேசி அனுப்பும் இந்தப் பத்தியைத்தானே பத்திரிகைப் பெண் வாராவாரம் எழுத்தில் போடுகிறாள். ஆனால் வாய்ப்பாடு? பன்னிரண்டு வரை தண்ணீர் பட்ட பாடு.

மண்டபத்தில் ஒரே சூடு. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் லோரி ஓட்டும் ஒரு அப்பா, நாங்களெல்லாம் மனப்பாடம் செய்துதானே தலையெடுத்தோம் என்றார். ஒரு அம்மா, வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாள் வந்தாலே தன் மகளுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது என்றார். "அது வயித்துவலி இல்லலா, உங்க மக கெட்டிக்காரி" என்று லோரிக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு மூன்றாம் வகுப்பு மலர்விழி டீச்சர் எழுந்தாள். தன் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொல்லுமாம். ஏழு தட்டில் எட்டெட்டு பிஸ்கட் வைத்தால் மொத்தம் எத்தனை என்று கேட்டால் மட்டும் காற்றாடியை அண்ணாந்து பார்க்குமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். படிப்பில்லாத நானே சன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு வரை கற்றுக்கொண்டேன், இதைப் போய் நிறுத்தலாமா என்றேன். கைதட்டல். லோரிக்காரர்தான் முதலில் தட்டினார். எனக்கு யாராவது கைதட்டி எத்தனை காலமாயிற்று… தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் டீச்சர், மெதுவாகத்தான். "எட்டேழு எவ்வளவு?"

வாயைத் திறந்தேன். வரவில்லை.

தெரியாதா? தெரியும். ஆனால் அது மேல் படியில் இருக்கிறது, கீழேயிருந்து ஏறிப் போனால்தான் தொட முடியும். "ஓரேழு ஏழு… ஈரேழு பதினாலு…" என்று முணுமுணுத்தேன். மூவேழு, நாலேழு… ஐயேழில் பின்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கையைப் பிடித்துத்தான் ஐம்பத்தாறில் கரையேறினேன்.

சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அவளுக்காக நானே நிரூபித்துவிட்டேனே.

கை தூக்கச் சொன்னார்கள். மாற்றம் வேண்டாம் என்பவர்களின் முறை வந்தபோது லோரிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். விருந்தினருக்கு ஏது ஓட்டு? அதுவும் எட்டேழு தெரியாத விருந்தினருக்கு? வேண்டும் என்ற கைகள்தான் அதிகம்.

மீகூன் சாப்பிடும்போது டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உண்மையில் எதற்கு வந்தேன் என்று கேட்டாள். சொன்னேன் – கோப்பி, துணி, சன்னல், எல்லாம்.

"கவலைப்படாதீங்கம்மா. புது முறையில வகுப்பு இன்னும் சத்தமாதான் இருக்கும். குழுவா உட்கார்ந்து பேசுவாங்க."

"சத்தம் ரோட்டுலயும்தான் இருக்கு, டீச்சர். வாய்ப்பாட்டுல அடுத்த வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியும்லா."

அவள் தன் கறிபாப் பலகாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

யோசித்துப் பாருங்கள். தனியாக இருப்பவளிடம் யார் பேசுகிறார்கள்? லிஃப்ட் பேசும், கதவு மூடுகிறது என்று, மலாயில். புக்கிட் தெங்காவில் இருக்கும் மகன் போனில் பேசுவான், "சாப்டீங்களாம்மா?" என்று… அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்குமே அடுத்த வார்த்தை தெரியாது.

அதற்காக ஊர்ப் பிள்ளைகளின் கணக்கு என் கோப்பிக்காகவா நடக்க முடியும்? பழசுதான் நல்லது என்று நாம் போடுகிற சண்டையில் பாதி, நம் வீட்டு வெறுமைக்காகப் போடுகிற சண்டைதானோ என்னவோ.

திங்கட்கிழமை காலை, அலமாரியிலிருந்து ஏழு தட்டுகளை இறக்கினேன். ரொம்ப வருடமாக ஒன்றுக்கு மேல் இறக்கியதில்லை. துடைத்து, மேசையில் பரப்பி, எட்டெட்டு பிஸ்கட் வைத்து எண்ணினேன். மறுநாளும் அப்படியே. இப்போது ஓரேழிலிருந்து ஏறாமலே ஐம்பத்தாறு சட்டென்று வருகிறது.

கேட்கத்தான் ஆள் இல்லை.