பச்சியம்மாள் போடாத உப்பு

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு காலை, சேலத்தில் என் மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேத்தியின் கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் என் மூத்தார் மகன் மாதப்பன் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“சின்னம்மா, அம்மா போயிடுச்சுங்க. வெடியக்காலம் தண்ணி கேட்டுச்சு. கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள போயிடுச்சுங்க.”

மாதப்பனின் தாயார் பச்சியம்மாள், என் கணவரின் அண்ணன் மனைவி. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். கடைசி மூன்று ஆண்டுகள் நான் விதவையாகி மகளுடன் இருந்தபோதும், அவரைப் பார்க்க மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தேன். இந்தத் தை மாதம் நம் ஊர்ப் பொங்கல் நடக்கும்போது எங்களுக்குத் தீட்டு. பந்திக்கு நான் வர முடியாது. ஆகையால் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் இதைப் பந்தியில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான் கடத்தூருக்குப் பக்கத்திலுள்ள நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு வயது பதினாறு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. அங்கே உப்பு முதல் சோப்பு வரை எல்லாம் அளவுதான். சீர்வரிசையோடு ஓர் அளவுக் கரண்டியையும் கொண்டுவந்தேன். முதல் நாள் சமையலறையில் அதை எடுத்தபோது பச்சியம்மாள் அக்கா சிரித்தார்கள்.

“ஏம் தங்கச்சி, இதுல அளந்து போட்டா உப்புக்குக் கரிக்கத் தெரியுமா?”

“கையால் போட்டால் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது அக்கா.”

“நாமளும் ஒரு நாளு மாதிரி ஒரு நாளு இருக்கறதில்லயே.”

அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. பிறந்த வீடு மானாவாரிக் காடு. களி கிண்டிய கை என்று கீழத்தெருப் பெண்கள் பரிகாசம் செய்வார்கள். அக்கா அதைக் கேட்டும் கேட்காதவர்போல் நடந்துவிடுவார்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பெண்கள் எல்லோரும் அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்பார்கள். அது ஊர்ப் பொங்கல் நாள். அன்று படையல் குழம்பு வைக்கும் பெரிய மர அகப்பை எங்கள் வீட்டில் இருந்தது. மாமியாருக்குப் பிறகு அதை அக்காவிடம் கொடுத்தார்கள். குழம்பு கெட்டால் அகப்பை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பது ஊர் வழக்கம். மற்ற நாட்களில் அது அடுக்களைக் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். வாரம் ஒருமுறை அக்கா அதை எடுத்து எண்ணெய் தடவி வைப்பார்கள். நகைக்குக்கூட அவர்கள் அப்படிச் செய்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்த பொங்கலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்று விடியுமுன்பே குடும்பம் முழுவதும் கோயில் களத்துக்கு வந்துவிட்டது. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவரும் அவர் அண்ணனும் அடுப்புக்குக் கல் கூட்டினார்கள். பிள்ளைகள் பச்சை அவரைக் கொட்டையை வெந்நீரில் போட்டுப் பிதுக்கித் தோல் நீக்கினார்கள். பருப்பு எதிரே இருப்பவர் முகத்தில் தெறிக்கும். அதற்காகவே சிலர் பிதுக்கினார்கள். சித்தேரியிலிருந்து மலைக்காரர்கள் அவரை மூட்டையும் சாமையும் சுமந்துகொண்டு இறங்கி வந்து, வெயில் விழுந்த பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சாமான்களுக்கு நான் பொறுப்பு.

படையல் சமைப்பவர் அடுப்பு மூட்டியதிலிருந்து படையல் முடியும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. ருசி பார்க்கக் கூடாது. அக்கா மஞ்சள் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நின்றார்கள். முந்நூறு பேருக்கான குழம்புக்கு அவர்கள் கணக்கு பதினொரு கை உப்பு. என் கணக்கு முக்கால் படி.

குழம்பு கொதித்தபோது உப்புச் சட்டியைப் பார்த்தேன். நான் வைத்தபடியே தலைதட்டி நிறைந்திருந்தது. அக்கா மறந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். அவர்கள் விறகு எடுக்கக் கோயிலின் பின்பக்கம் போயிருந்தார்கள். காத்திருந்து கேட்டிருந்தால் தலையசைத்துச் சொல்லியிருப்பார்கள். எழுத்தறியாத ஒருவரிடம் போய்க் கேட்பது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது. முக்கால் படி உப்பை அளந்து கொட்டிக் கிளறிவிட்டேன். அக்கா தம் கைக் கணக்கு உப்பை வீட்டிலிருந்தே முந்தானையில் முடிந்து வந்திருந்ததும், அதை முன்பே போட்டுவிட்டதும் எனக்குத் தெரியாது.

படையல் முடிந்தது. முதல் இலை ஊர்ப் பெரியதனக்காரருக்கு. ஒரு வாய் வைத்தார். மென்றார். தண்ணீரை எடுத்தார். பக்கத்து இலைக்காரரும் தண்ணீரை எடுத்தார்.

“சாமிக்கு இன்னிக்குத் தாகம் அடங்காது போல” என்றாள் கீழத்தெரு நாகம்மாள். பெண்கள் பக்கம் சிரிப்பு பரவியது.

பெரியதனக்காரர் கையை உதறினார். “உப்புப் போட்டது யாரு?”

அக்கா உப்புச் சட்டியைப் பார்த்தார்கள். அது முக்கால் படி இறங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் படியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் வாய்த்துணியை அவிழ்த்தார்கள்.

“எங் கைதாங்க. போட்டத மறந்துட்டு மறுக்கா போட்டுட்டேனுங்க.”

“இத்தன வருசத்துல இல்லாத மறதி?”

“வயசாவுதில்லீங்களா.”

அவர்களுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. வாய் கட்டியிருந்தவர் அவிழ்த்துப் பேசினார். கட்டு எதுவும் இல்லாத நான் வாயைத் திறக்கவில்லை.

அத்துடன் அக்கா நிற்கவில்லை. மலைக்காரர்களிடம் திரும்பி, “அண்ணா, ஒரு மூட்ட அவரையப் பிரிங்க. பசிச்சா என்னத் திட்டிக்கிட்டே பிதுக்குங்க” என்றார்கள். முந்நூறு பேரும் உட்கார்ந்து பிதுக்கினோம். பெரியதனக்காரரும் பிதுக்கினார். குழம்பை இரண்டு அண்டாவாகப் பிரித்து, உப்பில்லாமல் வேகவைத்த பருப்பைச் சேர்த்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். இத்தனை ருசியாக எந்த வருடமும் இல்லை என்று மலைக்காரர் ஒருவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். அன்றே அகப்பை நாகம்மாள் வீட்டுக்குப் போயிற்று. அக்காவே அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள்?”

“உனக்கு ஒரு சொல்லு தாங்காது தங்கச்சி. நான் நெறயக் கேட்டுப் பழகினவ.”

“நாளைக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன்.”

“சொல்லு. நான் தடுக்கல.”

நான் போகவில்லை. மறுநாள் தலைவலி. அடுத்த வாரம் விருந்தாளிகள். அடுத்த பொங்கலுக்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் மறக்கவில்லை. அடுத்த தையில் அக்கா பந்தியில் தண்ணீர் ஊற்றினார்கள். “பாத்து ஊத்துங்க, அதுலயும் உப்பிருக்கப் போவுது” என்று யாரோ சொன்னபோது கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு தையிலும் தண்ணீர்தான். எரவாணத்தில் அகப்பை இருந்த இடத்தில் அவர்கள் வேறு எதையும் செருகவில்லை.

என் கணவர் இறந்தபோது நான் பல நாள் சாப்பிடவில்லை. அக்கா ஒரு கிண்ணம் கஞ்சியோடு என் அளவுக் கரண்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள். “நீயே அளந்து போட்டுக்க. எங் கையில உப்பு எச்சாயிடும்” என்றார்கள். அந்தப் பொங்கல் நாளுக்குப் பிறகு அந்த ஒரு முறைதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். நான் உப்புப் போடாமலே குடித்தேன்.

மாதப்பனோடு ஊர் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வாய்க்கரிசி போட என்னை அழைத்தார்கள். என் விரல்கள் அவர்கள் உதட்டில் பட்டன. ஒரு துணியை அவிழ்த்து எனக்காகப் பொய் சொன்ன உதடு.

நம் ஊராரே, அகப்பையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதைப் பிடிக்க வேண்டியவர் இல்லை. இந்த வருடம் முதல் இலைக்கு உப்பு வைப்பதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும் என்று மட்டும் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டேன். அன்று பச்சியம்மாள் போட்டது பதினொரு கை, சரியான அளவு. மீதி முக்கால் படி, படித்தவளான நான் போட்டது.

அக்கா, இனி நீங்கள் அந்தத் துணியை அவிழ்க்க வேண்டாம். நானே சொல்லிவிட்டேன். போய்வாருங்கள்.