இனிச் சுருங்க என்ன இருக்கிறது?

தங்கமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மேசையில் வெட்டுவதற்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். போனில் அவருடைய தம்பி. "மாஸ்டர், அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க." கையிலிருந்த கத்தரியை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் நினைவில்லை.

அக்காவின் வாயைப் பற்றி அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிகள் வெள்ளை வேட்டி கசங்காமல் நடந்த வீதியில், சேலையெல்லாம் நூல் ஒட்டியபடி நடந்தவர். "பேங்குக்காவது நல்ல சேலை கட்டிட்டுப் போகக் கூடாதாங்க்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "பனியன் கம்பெனிக்காரி மேல நூல் ஒட்டாம, பின்ன சந்தனமா ஒட்டும்?" என்றார். 

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. அப்போதெல்லாம் சலவைப்பட்டறைக்காரர்கள் துணியை வெட்டவெளியில்தான் காயப்போடுவார்கள். மழையோ விடவில்லை. எங்கள் முதல் ஏற்றுமதிச் சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் பிரித்து ஆறப்போடுவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அது தெரிந்தும், அரை ஈரத்தில் இழுத்துத் தேய்த்து வந்த துணியை அக்கா அப்படியே மேசைக்கு ஏற்றச் சொன்னார். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சரக்கைப் பார்த்து வாங்கும் ஏஜென்ட் வந்தார். ஒரு சட்டையைத் தண்ணீரில் போட்டு எடுத்து உலர்த்திப் பார்த்தார். போட்டால் தொப்புள் தெரியும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. "மொத்தமும் ரிஜக்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கம்பெனி அவ்வளவுதான் என்று வீதியே பேசியது. அக்கா அழாதவர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். சட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். மறுநாள் காலை, ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வரும் டெய்லர் பெண்கள் மதியச் சோற்றுத் தூக்குப்போசியோடு வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வருவதா, வேறு வேலை தேடுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா ஷட்டரைத் தூக்கினார்.

"ஏனுங்க நிக்கறீங்க? உள்ள வாங்க, கண்ணுங்களா. எல்லாச் சட்டையையும் தண்ணியில போடலாம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "சுருங்கும்னு தெரிஞ்சும் எல்லாத்தையும் நனைச்சு என்னங்க்கா பண்றது?"

"சுருங்கறது மொத்தமும் சுருங்கட்டும், மாஸ்டர். அப்புறம் சுருங்க என்ன இருக்குது?"

நனைத்தோம். வெயில் வந்தபோது காயப்போட்டோம். பெரியவர்களின் சட்டைகளைப் பிரித்துக் குழந்தைகள் அளவுக்கு நான் திரும்ப வெட்டினேன், பெண்கள் தைத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். எத்தனை துவைத்தாலும் அளவு மாறாத பிள்ளைச் சட்டை என்று தாய்மார்கள் தேடி வந்த பிறகு அவர்களே ஆள் அனுப்பினார்கள். அந்த வருடம் ஒரு பெண்கூட வேலையை விட்டுப் போகவில்லை.

அன்று முதல் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தத் துணி வந்தாலும் அதில் முதல் துண்டு வாளித் தண்ணீருக்குள் போகும். சில வருடம் கழித்து அதே ஏஜென்ட் புது ஆர்டரோடு வந்தார். அக்கா காபி கொடுத்தார். கூடவே வாளியையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். "மொதல்ல நனைச்சுப் பாருங்க சாமி, அப்புறம் பேசலாமுங்க." அவர் சிரித்தார். நாங்கள் அதைவிடச் சத்தமாகச் சிரித்தோம்.

பின்னாலும் அடிகள் விழாமல் இல்லை. நூல் விலை ஏறியது. ஒருமுறை தையல் பகுதியே தீப்பிடித்தது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரே கேள்விதான்: இனிச் சுருங்க என்ன இருக்கிறது?

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிக்குப் போனேன். அதே ஊத்துக்குளிப் பெண்கள், தலை நரைத்து, தூக்குப்போசியோடு வாசலிலேயே நின்றார்கள். "இனி எப்படிங்க மாஸ்டர்?" என்றாள் ஒருத்தி. அக்காவின் தம்பி கம்பெனிச் சாவியை என் கையில் கொடுத்திருந்தார்.  அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்க நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று ஷட்டரைத் தூக்கினேன். பிறகு போய் வாளியில் தண்ணீர் பிடித்தேன்.