மாதாவுக்குப் போட்ட வெளிச்சம்

என் கணவரின் நெஞ்சுக்குள் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். கட்டிலருகே உள்ள பெட்டி அதன் விவரங்களைக் கொழும்பு ஆஸ்பத்திரிக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

போன வருடம் செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாக வந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. பக்கத்து வீட்டைவிட வடிவாகச் சோடிக்க எனக்கு ஆசை. கலர் பல்புகளுக்கு பிளக் போதவில்லை. பெட்டியின் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் பல்புகளை மாட்டினேன். பிறகு முழந்தாளிட்டு என் கணவரின் இதயத்துக்காகவே மன்றாடினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரித் தாதி அழைத்தார். “அம்மா, பெட்டியில இருந்து ஒண்டும் வரேல்லை. கழட்டி வைச்சிருக்கிறீங்களோ?”

“இல்லை மிஸ், போட்டபடிதான் இருக்கு.”

சொல்லிவிட்டு பெட்டியின் பிளக்கை அவசரமாக மாட்டினேன். சற்று நேரத்தில் மறுபடி அழைப்பு வந்தது. “துடிப்புப் பிழையா இருக்கு. உடன மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ!”

நெஞ்சுக்குள் இருந்த கருவியின் வயர் இடம் விலகியிருந்ததாம். நல்லகாலம், தப்பிவிட்டார்.

நான் தாதிக்குச் சொன்ன பொய்யைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டிருந்தவர், வீடு திரும்பியதும் கேட்டார்: “தாதிக்குத் தெரியாது, சரி. பக்கத்தில மாதா எல்லோ நிண்டவ?”

அன்றே தாதியை அழைத்து உண்மையைச் சொன்னேன். பெட்டியின் பிளக்கில் இப்போது யாரையும் கைவைக்க விடுவதில்லை. இந்த வருடம் மாதாவுக்கு மெழுகுதிரிதான் ஏற்றினேன். அந்த வெளிச்சத்திலும் மாதாவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.